மல்லாட்டைக் கொல்லையில் தங்கம் தேடிய வாரம்

அத்தையின் புஞ்சைக் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் முழுக்க நான் மறந்துபோனதுபோல் நடித்தது இதைத்தான்.

அத்தை என்றால் என் அப்பா, நைனாவின் கூடப்பிறந்தவர் இல்லை, அவருடைய சித்தப்பா மகள். சிங்கவரத்தில் இருக்கிறார். சின்ன வயதிலிருந்து அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை எடுத்து, மல்லாட்டை ஆய்ந்து, அதில் மிச்சம் பிடித்துப் போன வருஷம்தான் ஐம்பது சென்ட் சொந்தமாக வாங்கினார். பட்டா அத்தை பெயரில். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் பெயரில் பட்டா வந்தது அதுதான் முதல் தடவை. ஆம்பளைகள் பெயரிலேயே அப்படி ஒன்றும் நிறைய வந்துவிடவில்லை. மாமா சென்னையில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன். நல்லநாள் பெரியநாளுக்கு வருவார். அதனால் கொல்லை வேலை முழுக்க அத்தையுடையது.

வாங்கிய நிலம் வெறும் சரளை. கோடையில் ஏரி வண்டலை விவசாயிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னபோது அத்தை டிராக்டர் வைத்து வண்டல் கொண்டுவந்து கொட்டி, ஒரு சாண் உயரத்துக்குக் கொல்லை முழுக்கத் தானே மண்வெட்டியால் இழுத்துப் பரப்பினார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். ஆடியில் விதைத்தார். சொந்த மண்ணில் முதல் வெள்ளாமை.

இனி நான். செஞ்சி டவுனில் வீடு. பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தவள். உண்மையில் செய்துகொண்டிருந்தது, கோட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து போனில் வீடியோ எடுத்துப் போடுவது. களஞ்சியம், குதிரை லாயம், யானைக் குளம், பாறையில் வெட்டிய படி, ஒன்றை விடவில்லை. ஸ்கூட்டியில் ஏறினால் எனக்கு இறங்கப் பிடிக்காது, இறங்கினால் நிற்கப் பிடிக்காது. "இவளுக்குக் கால்ல சக்கரம்" என்று அம்மா சொல்வார். வாயிலும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பச்சை மல்லாட்டை தின்னலாம் என்று சிங்கவரம் போனேன். அத்தை ஒரு செடியைப் பிடுங்கி, ஒரு காயை உடைத்து, ஓட்டின் உள்பக்கத்தைக் காட்டினார்.

"இங்க பாருடி, இப்பதான் கறுக்க ஆரம்பிச்சிருக்குது. இன்னும் பத்து நாளு. மழை மட்டும் சும்மா இருந்தா போதும்."

மீதிக் காய்களை ஒரு எவர்சில்வர் தட்டில் போட்டுக் கழுவினோம். சேறு கலைந்து இறங்கியதும் தட்டின் அடியில் ஒரு பொட்டு மின்னியது. கேழ்வரகு மணி அளவுகூட இருக்காது. அத்தை உடனே மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"என் மூக்குத்தி இருக்குது. உன்னுதா?"

நான் மூக்கே குத்தியதில்லை.

மின்னியதை எடுத்துப்போய் டவுனில் ஒரு நகைப் பட்டறையில் கொடுத்தேன். ஆசாரி உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார். "தங்கம்தான் பாப்பா. எங்க கெடச்சுது?" அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் ஸ்கூட்டியை உதைத்துவிட்டேன். அன்றைக்கு அங்கே இரண்டு நிமிஷம் நின்று அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் அந்த மனிதரே எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். எனக்கு நிற்கப் பிடிக்காது என்று சொன்னேனே.

என் மண்டையில் அதற்குள் கதை தயார். கோட்டை அடிவாரம், பழைய ஏரி, ராஜா காலத்துப் பொன், படையெடுப்பில் தப்பி ஓடியவர்கள் தண்ணீரில் வீசிய பொக்கிஷம். திங்கட்கிழமை காலை கேமராவோடு கொல்லையில் நின்றேன்.

"அத்தை, வீடியோ போடட்டுமா?"

"போட்டா இன்னா ஆவும்?"

"நாலு பேரு பாப்பாங்க."

"பாத்துட்டுப் போவட்டும். இரு, மூஞ்சி கழுவிகினு வரேன்."

புதுப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். வீடியோவில் அத்தை தட்டைப் பிடித்துக்கொண்டு வெட்கப்பட்டுச் சிரிக்கிறார். பின்னால் கோட்டை இருக்கும் ராஜகிரி மலை. எனக்குப் பிடித்த ஷாட் அது. இப்போது அதைப் பார்க்க முடிவதில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் முதலில் வந்தவர்கள் சொந்தக்காரர்கள். "என்னா, பொதையலாமே?" என்று கேட்டுக்கொண்டே மண்வெட்டியோடு வந்தார்கள். வந்தவர்களை எப்படிப் போகச் சொல்வது? அத்தைக்கு முகம் முறிக்கத் தெரியாது. "வரப்போரமா தோண்டிக்குங்க, செடிய மட்டும் மிதிக்காதீங்க" என்றார். மத்தியானம் பக்கத்து ஊர். சாயங்காலம் டவுன். ஏரியில் போய்த் தேடலாம் என்றால் புரட்டாசி மழையில் ஏரியில் தண்ணீர் ஏறியிருந்தது. வண்டல் காய்ந்து கிடந்த இடம் அத்தையின் கொல்லை ஒன்றுதான். மற்ற வண்டலெல்லாம் நஞ்சைக்குப் போய் நாற்றுக்குக் கீழே சேறாகிவிட்டது.

இரண்டே நாளில் அங்கே ஒரு ஊர் முளைத்துவிட்டது. அதைப் பற்றிச் சொல்லும்போது இப்போதும் என் குரல் உற்சாகமாகிவிடுகிறது. அதுவும் என் குற்றத்தில் சேர்த்திதான். ஆனால் அந்த ஊர் அப்படி இருந்தது.

புங்க மரத்தடியில் நீலத் தார்ப்பாய் கட்டிக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். சைக்கிளில் டீ கேன் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். அவரைத் தேடிக்கொண்டு சமோசா பாய் வந்தார். சமோசா தின்றவர்களின் கையைத் துடைக்கப் பேப்பர் விற்க ஒரு பெரியவர் வந்தார். பனைமரத்தில் ஒரு கண்ணாடியை மாட்டி, நாற்காலி போட்டு ஒருவர் முடி வெட்ட ஆரம்பித்தார். "தங்கம் கெடைக்கற அன்னிக்கி மூஞ்சி நல்லா இருக்க வாணாமா?" என்பது அவருடைய விளம்பரம். டவுனிலிருந்து இரும்புக் கடைக்காரர் மூன்று அளவில் சல்லடை கொண்டுவந்து இறக்கினார். ஆன்லைனில் மெட்டல் டிடெக்டர் வாங்கிய ஒரு தம்பி அதை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டான். அது கத்தும் இடத்திலெல்லாம் தோண்டினார்கள். வந்தது ஆணி, ஊக்கு, சோடா மூடி, ஒரு முழு சைக்கிள் பெடல்.

"அண்ணே, இது இன்னாண்ணே, பெடலுக்கும் கத்துது?"

"பெடல் இரும்புடா. இரும்புக்கும் கத்தும்."

"அப்ப தங்கத்துக்கு?"

"அதுக்கு இன்னும் நல்லா கத்தும்."

இதெல்லாம் விட எனக்குப் பிடித்தது துண்டு விவகாரம். எங்கள் ஊர்ப் பக்கம் பஸ் வந்தால் ஜன்னல் வழியாகத் துண்டை உள்ளே போட்டு சீட் பிடிப்போம். துண்டு விழுந்த சீட்டில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள், உட்கார்ந்தால் சண்டை. கொல்லையிலும் அதுவே சட்டமாகிவிட்டது. வந்தவுடன் ஓடிப்போய் ஒரு பாத்தியில் துண்டைப் போட்டுவிடுவார்கள். துண்டு கிடந்தால் இடம் அவர்களுடையது. சிலர் முதல் நாள் மாலையே துண்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். காலையில் மல்லாட்டைச் செடிகளுக்கு மேல் ஐம்பது அறுபது துண்டுகள், பச்சை, ஆரஞ்சு, கட்டம் போட்டது, ஒரு குழந்தையின் கவுன்கூட.

சண்டை வராமல் இருக்குமா? அதைத் தீர்க்க ஒரு ரிடையர்டு கண்டக்டர் தானாகவே பொறுப்பெடுத்துக்கொண்டார். கழுத்தில் பழைய விசில். கையில் நோட்டைக் கிழித்துச் செய்த டோக்கன்.

"தலைவரே, என் துண்டத் தூக்கி வரப்புல போட்டுட்டு இந்தாளு குந்திகினு இருக்கறாரு."

"எப்ப போட்ட துண்டு?"

"நேத்து."

"நேத்து போட்ட துண்டு நேத்தோட சரி. டிரிப் முடிஞ்சிபோச்சி. புதுசா போடு."

"அண்ணே, நான் லேடீஸ்."

"லேடீஸ் முன்பக்கம். கெழக்கால போ. உள்ள போ, உள்ள போ, நடுவுல நிக்காத!"

விசில் ஊதினார். கூட்டம் உண்மையிலேயே உள்ளே போனது. உள்ளே என்றால், வரப்பை விட்டு இறங்கி, செடி இருந்த இடத்துக்குள். நான் இதையெல்லாம் சிரித்துச் சிரித்து வீடியோ எடுத்தேன். எல்லாரும் என்னை "மேடம்" என்றார்கள். என் அப்பா வயதுடையவர்கள் வழிவிட்டு நின்றார்கள். "மேடம், இந்த எடம் தேறுமா?" என்று மண்ணைக் கையில் அள்ளிக் காட்டினார்கள். நானும் குனிந்து பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய் இரவுவரை எனக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது. அதுவரை என்மேல் இருப்பது அவசரப்பட்டவள் என்ற குற்றம் மட்டும். புதன்கிழமை மாறிவிட்டது.

புதன்கிழமை பதினொரு மணி இருக்கும். ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அவர்களை எனக்குப் பார்த்துப் பழக்கம். டவுனில் நகைப் பட்டறைகள் இருக்கும் தெருவில் காலை வெயில் ஏறுவதற்குள் குனிந்து சாக்கடை ஓரத்து மண்ணை வாரிக்கொண்டிருப்பார்கள். அந்த மண்ணைத் தண்ணீரில் அரித்தால் பட்டறையிலிருந்து சிந்திய தங்கத்தூள் கொஞ்சம் கிடைக்கும். அதுதான் அவர்கள் பிழைப்பு. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போயிருக்கிறேன், எத்தனையோ தடவை.

அந்தம்மாவிடம் குழிவான ஒரு மரத்தட்டு இருந்தது. யாரிடமும் எதுவும் பேசாமல் ஒரு கை மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் உட்கார்ந்து தண்ணீரில் சுழற்ற ஆரம்பித்தார். அவ்வளவு அழகாக ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. தட்டு சுழலச் சுழல மண் விளிம்பு வழியாக வழிந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு தேக்கரண்டி கறுப்பு மண்ணும், அதன் ஓரத்தில் மஞ்சளாக இரண்டு துகளும். நான் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ராஜா காலத்துத் தங்கம், இல்லக்கா?"

அந்தம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "போன கீழ வை பாப்பா. இங்க வா."

ஒரு துகளை நகத்தில் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். துகள் இல்லை, கம்பி. எறும்புக்கால் நீளம். ஒரு முனை சப்பையாக, பளிச்சென்று வெட்டுப்பட்டிருந்தது.

"கட்டர்ல வெட்டுன கம்பி. சங்கிலிக்கு வளையம் பண்ண வெட்டுவாங்க. இது பாரு, தூளு. அரத்துல ராவுனது. எந்த ராஜா கட்டர் வெச்சிகினு இருந்தான்?"

"அப்ப எப்படிக்கா இங்க..."

"எங்க தெரு சாக்கடை எங்க போயி வுழுவுது?"

எனக்கு அது தெரியும். எங்கள் வீட்டுச் சாக்கடையும் அதே ஏரிக்குத்தான் போகிறது. மழைக்காலத்தில் பட்டறைத் தெரு தண்ணீர் எங்கள் தெரு முனை வழியாகத்தான் ஓடும். வேதியியல் படித்தவள். கையில் இருக்கும் கம்பியைப் பார்த்தாலே போதும்.

"இதுல வாரத்துக்கு ஒரு துளி தேறும். அதுவும் எங்க கைக்குத் தான் தேறும், இவங்க கைக்கு இல்ல" என்றார் அவர் புருஷன், தோண்டிக்கொண்டிருந்தவர்களைக் காட்டி. "அந்தாண்ட ரெண்டு பேருகிட்ட சொன்னோம். எல்லாத்தையும் நீங்களே வாரிக்கலாம்னு பாக்கறீங்களான்னு அடிக்க வராங்க."

அந்தம்மா தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். "நீ தான போட்ட? நீ சொன்னா கேப்பாங்க. சொல்லிடு பாப்பா. அந்தப் பொம்பளையோட செடி பாவம்."

"சொல்றேன்க்கா. நாளைக்கே சொல்றேன்."

அவர்கள் போய்விட்டார்கள். செடியை மிதித்துத் தேடும் தங்கம் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. கம்பி என் கையிலேயே இருந்தது. பென்சில் பாக்ஸில் போட்டு மூடினேன்.

நாளைக்கு என்றேன். வியாழக்கிழமை காலை நான் எழுந்தபோது ஒரு டி.வி.காரர் போன் செய்தார். "நீங்கதானே அந்தச் செஞ்சிப் புதையல் பொண்ணு?" என்றார். எங்கள் கல்லூரியில் என் பெயரே தெரியாத ஒரு பேராசிரியர் என் வீடியோவுக்குக் கீழே பாராட்டி எழுதியிருந்தார். நைனா டீக்கடையில் நாலு பேர் நடுவில் என் வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தார். சக்கரம் கட்டிய காலைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எனக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தார். அன்றைக்கு உண்மையைச் சொல்வதென்றால், சாக்கடையைப் பொக்கிஷம் என்று சொன்ன பெண் நான்தான் என்று எல்லாருக்கும் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. எதற்கெல்லாமோ வந்த வாய்.

வெள்ளிக்கிழமை இன்னும் மோசம். டி.வி.காரர் இன்னொரு வீடியோ கேட்டார். போட்டேன். தலைப்பு: 'ராஜாவின் பொற்கிடங்கு இங்கேதானா?' கேள்விக்குறி இருக்கிறதே, நான் அடித்துச் சொல்லவில்லையே, கேட்கத்தானே செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கேள்விக்குறியில் தொங்கிக்கொண்டு இரண்டு நாள் தூங்கினேன். பதில் என் பென்சில் பாக்ஸில் இருந்தது.

சனிக்கிழமை அத்தை போன் செய்தார்.

"ஏண்டி, இன்னும் எத்தினி நாளைக்கிடி இவங்க இருப்பாங்க? மேக்கால பக்கம் சுத்தமா போச்சி. கெழக்கால நாலு பாத்தி தான் நிக்குது. நீ வந்து சொல்லேன், நீ சொன்னா கேக்கறாங்க."

"நாளைக்கு வரேன் அத்தை."

அத்தை எதையும் மறைக்காமல் கேட்டார். நான் மீண்டும் நாளைக்கு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். தார் ரோட்டிலேயே வண்டிகள் நின்றன. வேன், ஆட்டோ, திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்த ஒரு டாட்டா ஏஸ். என் இரண்டாவது வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். கண்டக்டரின் விசில் கேட்டுக்கொண்டே இருந்தது, ஆனால் யாரும் அதைக் கேட்கவில்லை. துண்டுச் சட்டமும் போய்விட்டது. துண்டின்மேலேயே தோண்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர், இங்கேயே உட்கார்ந்து சலிப்பதற்குப் பதிலாக மண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகச் சலிக்கலாம் என்று கண்டுபிடித்துவிட்டார். சிமென்ட் மூட்டைகளில், உரச் சாக்கில், தலையணை உறையில்கூட அள்ளினார்கள். மண்வெட்டி சரளையில் உரசும் சத்தம் கேட்டது. ஒரு சாண் வண்டலும் முடிந்து பழைய நிலம் வெளியே வந்துகொண்டிருந்தது.

கிழக்குப் பக்கத்தில் அத்தை நின்றிருந்தார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோழி விரட்டுவதைப்போல.

"இது என் செடிங்க. கொஞ்சம் கேளுங்க. இது தனியா நான் போட்டதுங்க."

"தள்ளும்மா. ஒனக்கும் தான் பங்கு உண்டு" என்றான் ஒருவன். அவனுக்கு அது அவர் கொல்லை என்றுகூடத் தெரியவில்லை.

நான் கத்தினேன். "இது ராஜா தங்கம் இல்ல! பட்டறைத் தூளு! சாக்கடையில வந்தது!" நாலைந்து நாள் தொண்டையிலேயே இருந்தது, வரும்போது சத்தமாகத்தான் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேடத்துக்கு எதுனா கெடச்சிருக்கும். அதான் நம்பள போவச் சொல்றாங்க."

சிரித்தார்கள். அந்த அரிக்கும் அம்மாவுக்கு அவர்கள் சொன்ன அதே பதில். அவரிடமாவது காட்டுவதற்கு அவருடைய கைவேலை இருந்தது.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. அதன் பின்னால் போலீஸ் ஜீப் வந்தது. அரை மணியில் கூட்டம் கலைந்தது. மூட்டைகளை விடாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். சரளைமேல் தண்ணீர் மஞ்சளாக ஓடியது. பிடுங்கிப் போட்ட செடிகளில் முழுசாக முற்றாத காய்கள். அத்தை ஒவ்வொரு செடியாக எடுத்து உதறி ஒரு பக்கமாக அடுக்க ஆரம்பித்தார். நானும் குனிந்தேன்.

திங்கட்கிழமை உண்மையைச் சொல்லி ஒரு வீடியோ போட்டேன். பார்த்தவர்கள் குறைவு. பார்த்தவர்களும், என்னை மிரட்டிச் சொல்ல வைத்திருக்கிறார்கள் என்று எழுதினார்கள். ஆனால் அந்த வீடியோவிலும் ஒன்றை நான் சொல்லவில்லை. எனக்கு எப்போது தெரிந்தது என்பதை.

அதைச் சொல்லவேண்டியது ஒருவரிடம்தான். செவ்வாய்க்கிழமை பென்சில் பாக்ஸை எடுத்துக்கொண்டு சிங்கவரம் போனேன். அத்தை வீட்டு வாசலில், பிடுங்கிய செடிகளிலிருந்து தேறிய காய்களை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு முறம்கூட நிறையவில்லை.

"வாடி. சாப்டியா?"

உட்கார்ந்து, கம்பியை எடுத்து முறத்தின் ஓரத்தில் வைத்தேன். அரிக்கும் அம்மா வந்ததை, சொன்னதை, நான் நாளைக்கு என்றதை, டி.வி.காரரை, வெள்ளிக்கிழமை வீடியோவை, எல்லாவற்றையும் சொன்னேன். வேகமாகத்தான் சொன்னேன், எனக்கு வேறு மாதிரி சொல்ல வராது. அத்தையின் விரல் ஆய்வதை நிறுத்தவில்லை. நான் முடித்ததும்தான் நின்றது.

"புதங்கிழமையேவா?"

"ஆமாம் அத்தை."

"புதங்கிழமை பாதிக் கொல்லை அப்பிடியே நின்னுச்சி. மண்ணு ஒரு கூடை கூட போவல." யோசித்தார். "சனிக்கிழம நான் போன் பண்ணேன் இல்ல?"

"ஆமாம்."

"அப்பக்கூட நாலு பாத்தி இருந்துச்சி."

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டினால் அழலாம் என்று தயாராக இருந்தேன். அத்தை கம்பியை முறத்திலிருந்து எடுத்து, என் பக்கம் தரையில் வைத்தார்.

"இத நீங்களே எடுத்துகினு போங்க. உள்ள வேல கெடக்குது."

முறத்தோடு எழுந்து உள்ளே போய்விட்டார். பிறந்ததிலிருந்து என்னை டி போட்டுக் கூப்பிட்டவர். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோதும், மேடம் மேடம் என்று ஊரே கூப்பிட்ட அந்த வாரத்திலும் டி தான். நான் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அன்றைக்கு நிற்கத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது பிராயச்சித்தம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியாததால் செய்தேன். கொல்லையிலிருந்து போன மண் எங்கேயோ இருக்கத்தானே வேண்டும்? சலித்துப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் எங்காவது கொட்டியிருப்பார்கள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்க ஆரம்பித்தேன். என்னிடம் பழைய வீடியோக்கள் இருந்தன, அதில் முகங்கள் இருந்தன. யார் யாரென்று விசாரித்துப் போனேன்.

"அந்த மண்ணைத் திருப்பிக் குடுப்பீங்களா?"

"மண்ணயா?" முதல் வீட்டில் சிரித்தார்கள். இரண்டாவது வீட்டில் மண்ணைச் சாக்கடையில் கொட்டியிருந்தார்கள். அது மறுபடியும் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது வீட்டில் ரோஜாத் தொட்டியில் போட்டிருந்தார்கள். அந்தம்மா செடியை வேரோடு எடுத்து வேறு மண்ணில் வைத்துவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்துக் கொடுத்தார். ஒரு வீட்டில், "குடுக்கறேன், ஆனா ஏன் கேக்கற?" என்றார்கள். சொன்னேன். எனக்குப் புதன்கிழமையே தெரியும் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் அதைச் சொல்லவேண்டியிருந்தது. ஏழெட்டு வீட்டுக்குப் பிறகாவது வாய்க்குப் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை.

மூன்றாம் நாள் கண்டக்டர் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றார். விசில் இல்லை. கக்கத்தில் நாலு காலிச் சாக்கு.

"நான் கெழக்கால இருக்கற தெருவெல்லாம் பாத்துக்கறேன். நீ மேக்கால போ."

"நீங்க எதுக்குங்க?"

"உள்ள போ, உள்ள போன்னு அனுப்புனது யாரு?" என்றார். டிடெக்டர் தம்பி தன் மச்சானின் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்தான். கூச்சப்பட்டுக்கொண்டு, "டீசல் மட்டும் போட்டுக்குங்கக்கா" என்றான்.

பதினேழு மூட்டை தேறியது. ஒரு சாண் உயரத்துக்குக் கொல்லை முழுக்கப் பரப்பியிருந்த மண்ணில் பதினேழு மூட்டை. கொண்டுபோய் இறக்கியபோது அத்தை சரளையைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். மூட்டைகளைப் பார்த்தார். ஒன்றைப் பிரித்து ஒரு பிடி அள்ளி, விரலால் நசுக்கி, முகர்ந்து பார்த்தார். அவருடைய மண்ணா என்று அவருக்குத் தெரியும்.

"இது நம்ப மண்ணு தான்" என்றார் கண்டக்டரிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "மூலையில கொட்டுங்க. ஒரு பாத்திக்கு வரும். கத்திரி வெக்கலாம்."

கொட்டினேன். மண்வெட்டியை வாங்கிப் பரப்பினேன். எனக்கு அந்த வேலை வராது, மேடும் பள்ளமுமாகத்தான் வந்தது. அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து, என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி, பிடியை எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டிவிட்டுத் திரும்பக் கொடுத்தார்.

"இப்பிடி இழுங்க" என்றார்.

இழுத்தேன். கோடையில் ஏரி வற்றினால் மறுபடியும் வண்டல் எடுக்கவிடுவார்கள். அப்போது வருகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. நாளைக்கு என்று எத்தனை தடவை சொன்னவள் நான் என்பது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு, அந்தப் பாத்தியின் கடைசிவரை இழுத்து முடித்தேன்.